ஓடும் வழியும் ஊரின் வரலாறும்

பாடசாலைகளில் ஆண்டுதோறும் மரதன் ஓட்டம் நடைபெறுதல் நாம் அனைவரும் அறிந்ததே. இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில நாட்கள் முன்னதாக, விடியற்பொழுதில் மாணவர் பெருவீதியொன்றில் அணிவகுத்து நிற்பர். குறி வெடித்ததும் ஓடுவர். பாரவண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி, வியர்வை சொட்ட மீள்வர். முந்தி வந்தோரின் இல்லத்துக்குப் புள்ளிகள் வழங்கப்படும். அத்துடன் அவ்வாண்டின் ஓட்டம் முடிந்துவிடும். ஓடிய வழி எது, அதன் இருமருங்கும் நின்றவை எவை என்று வினவுவார் இலர். கால்கள் கடந்த நிலத்தைக் கண்கள் காணாமலே திரும்பும் இவ்வழக்கத்தை மாற்றல் வேண்டும் என்பதே எமது கருத்து. ஓட்டத்தின் வழி வயலையும் நீர்நிலையையும் வரலாற்றிடங்களையும் தொட்டுச் செல்வதாக அமைதல் வேண்டும். அதற்குச் சீனன்குடாவைச் சூழ்ந்த நிலத்தினும் ஏற்ற நிலம் இத்தீவில் அரிது.

இஃது ஒரு புதுமையான வேண்டுகோள் அன்று. மரதன் என்பதே ஓர் ஊரின் பெயர், கி.மு. 490 இல் கிரேக்கரும் பாரசீகரும் பொருத களத்தின் பெயர். 1896 இல் ஏதென்சு நகரில் ஒலிம்பிக் விழா மீண்டும் தொடங்கியபோது, அக்களத்திலிருந்து நகர்வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம் ஓடும் போட்டியொன்று வகுக்கப்பட்டது. அதில் வென்ற இசுப்பிரிடோன் லூயிசு நீர் சுமந்து பிழைத்த எளிய மனிதர். கிரேக்கர் அவரைத் தலைமேற் கொண்டாடியமைக்கு அவர்தம் வேகம் மாத்திரம் காரணமன்று. முன்னோரின் வரலாறு நடந்த வழியே தம்மூரான் ஒருவன் ஓடி வந்தான் என்னும் உவகையும் காரணமாகும். இன்று உலகெங்கும் வழங்கும் 42.195 கிலோமீற்றர் என்னும் அளவோ, 1908 ஆம் ஆண்டு இலண்டன் விழாவில் விண்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்குவரை சென்ற வழியின் அளவு. பெயரும் அளவும் ஆகிய இரண்டுமே இடங்களிலிருந்து பிறந்தன. நாமோ பெயரை எடுத்துக்கொண்டு இடத்தைக் கைவிட்டோம்.

நம் நாட்டிலும் கால்வழியே செய்தியும் பத்தியும் சென்ற காலம் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் தபாற்பையைச் சுமந்து ஓடியவர்கள் ஓட்டக்காரர்களே. ஒருவர் ஓடிக் களைத்த இடத்தில் மற்றொருவர் வாங்கி ஓடுவர். மைதானத்தில் நாம் ‘அஞ்சலோட்டம்’ என்று கூறும் சொல்லைக் கேட்குந்தோறும் அம்மனிதரை நினைத்தல் தகும். மேலும், யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் நோக்கிச் செல்லும் பாதயாத்திரை அடியார்கள் திருக்கோணேச்சரத்தை வணங்கி, மூதூர், வெருகல் வழியாகத் தெற்கே செல்வர். இம்மாவட்டத்தின் வரலாறு காலடிகளால் எழுதப்பட்டது. கால்களாற் படித்தால் அன்றி அது முழுவதும் விளங்காது.

இனி, வழிகளைக் கூறுவோம். முதலாவது, சீனன்குடாப் புகையிரத நிலையத்தைத் தொடக்கமாகக் கொள்வது. திருக்கோணமலைக்குப் புகையிரதம் வந்தது 1927 இல். ஏறத்தாழ அதே காலத்திலேயே, உட்துறைமுகத்தை நாடிவரும் போர்க்கப்பல்களுக்கென ஆங்கிலேயர் இங்கே எண்ணெய்த் தாங்கிகளை அமைக்கத் தொடங்கினர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளத்தக்க அத்தாங்கிகளுட் பல இன்று காட்டு மரங்களின் நடுவே துருவேறி நிற்கின்றன. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்று தாங்கியொன்று தீப்பற்றி அழிந்தது. யப்பானிய விமானமொன்று அதன்மேல் வந்து வீழ்ந்தது என்பது இப்பகுதியில் வழிவழி வழங்கும் செய்தி. அதே நாளில் ‘ஏர்மிசு’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. எஞ்சிய 99 தாங்கிகளைப் பற்றி 2022 சனவரியில் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்தபோது உலகப் பத்திரிகைகள் யாவும் சீனன்குடாவின் பெயரைக் கூறின. அவற்றின் அயலிலே வாழும் சிறுவர்க்கு அவை எக்காலத்தில், எவர் பொருட்டு எழுந்தன என்று தெரியாதிருத்தல் முறையோ? வேலிக்குள்ளே நுழைய வேண்டுவதில்லை. வேலிக்கு வெளியே பொது வழியில் ஓடிச் சென்று, காரணத்தை அறிந்து மீண்டாற் போதும்.

இரண்டாவது, தம்பலகாமச் சந்தியிலிருந்து வயல்வெளியினூடு ஆதிகோணநாயகர் கோயில் நோக்கிச் செல்வது. 1620 களிற் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டினர். அவ்வேளை அடியார் காத்த திருவுருவங்களுக்குப் பிற்காலத்திற் புகலிடமானது தம்பலகாமம் என்பது மரபு. கடற்கரைக் குன்றிலிருந்த தெய்வம் வயல்நடுவே குடியேறிய கதை அது. அவ்வயல்களுக்கு நீர் தருவது கந்தளாய்க் குளம். நம்மவர் குளக்கோட்டனின் பெயரோடும் சிங்கள மக்கள் அக்கிரபோதி மன்னனின் பெயரோடும் இணைத்துப் பேசும் அதே குளம். 1986 ஏப்பிரலில் அணை உடைந்து பெருந்துயர் விளைத்த குளம். வரம்போரமாக ஓடும் மாணவன் வாய்க்காலைத் தாண்டும்போது அவன் தாண்டுவது நூற்றாண்டுகளை.

மூன்றாவது, சீனன்குடாவிலிருந்து தெற்கே மட்டக்களப்பு வீதியிற் சென்று கிண்ணியாப் பாலத்தில் முடிவது. 2009 இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான அப்பாலம் வருமுன்னர் மக்கள் பாதையேறி, அஃதாவது மிதவையேறி, நீரைக் கடந்தனர். ‘பாதை’ என்னுஞ் சொல் தரைவழியையும் நீரில் மிதப்பதையும் ஒருங்கே குறித்த நாட்களைக் கண்டவர் இன்றும் கிண்ணியாவில் உளர். அவர்களைக் கேட்டறியலாம். நான்காவது, கன்னியா வெந்நீரூற்றுகளிலிருந்து பெரியகுளத்தை அடுத்த வெல்கம் விகாரைக்குச் செல்வது. அவ்விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பூண்டு, தமிழ்க் கல்வெட்டுகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது. தமிழர் பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் கொடையும் வழங்கிய செய்தியைக் கல்லே கூறுகின்றது.

இங்கேதான் எமது கருத்தின் உயிர்நிலை இருக்கின்றது. இடம் ஒன்றை ‘எம்முடையது’ என்று ஒருவர் கூறுதல் எளிது. கன்னியாவைப் பற்றிய பூசல் 2019 இல் நீதிமன்றம்வரை சென்றதை அறிவோம். ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் இடத்திற்கு மாத்திரம் ஊர்தியிற் சென்று, இறங்கி வணங்கி, ஏறி மீளும் காலம் இது. ஆனால் வழி அத்தகையதன்று. வழியிற் கோயில் வரும், பள்ளிவாசல் வரும், விகாரை வரும், யாருக்கும் உரியதல்லாத ஆலநிழலும் வரும். ஓடுபவன் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைத் தாண்டிக் குதித்தல் இயலாது. தாகத்தில் எவர் வீட்டு முற்றத்துக் கிணறாயினும் நீர் நீரே. திருக்கோணமலை மாவட்டத்திலே தமிழர், முசுலிம்கள், சிங்களர் ஆகிய மூவரும் வாழ்கின்றனர் என்பதை வகுப்பறையில் நாம் நூறு முறை கூறினும் ஏறாதது, ஒரு காலைப்பொழுதின் ஓட்டத்தில் ஏறிவிடும்.

இதனை மறுப்போர் கூறுவனவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதன்மையானது உயிரச்சம். 2024 மார்ச்சு மாதம் அம்பாறை மாவட்டத்திற் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் உயிர் நீத்தான். அச்செய்தியைப் படித்த பெற்றோர் எவரும் அதனை மறவார். ஆசிரியரும் மறத்தல் ஆகாது. ஆயினும் அதிலிருந்து நாம் கற்க வேண்டுவது ஓட்டத்தை நிறுத்துவதன்று. ஓட்டத்தை ஒழுங்கு செய்வது. வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்த மாசி மாதத்தில், ஞாயிறு ஏறுமுன் ஓட்டம் முடிதல் வேண்டும்; கச்சான் காற்று அனலாய் வீசும் வைகாசி முதலான மாதங்களில் அதனைத் தொடவே கூடாது. ஒவ்வொரு மைலிலும் நீரும், வழிநெடுக முதலுதவி அறிந்தவரும், ஓடுமுன் மருத்துவரின் சோதனையும் இன்றியமையாதன. யானை நடமாடும் இடங்களை ஊராரிடம் கேட்டறிந்து விலக்குதல் வேண்டும். பல வாரப் பயிற்சியின்றி எந்த மாணவனையும் தொடக்கக் கோட்டில் நிறுத்துதல் குற்றம். பாரவண்டிகள் விரையும் பெருவீதியினும் ஊர்வழி இவ்வகையில் நன்றே.

மற்றொரு மறுப்பு, ஓடுபவன் வரலாற்றை நோக்குவானா, முன்னால் ஓடுபவனின் முதுகை நோக்குவானா என்பது. நியாயமான வினா. அதற்கு யாம் கூறும் வழி ஒன்று உண்டு. முந்தி வந்தவனுக்குரிய புள்ளிகளைப் பாதியாக்குக. எஞ்சிய பாதியை, தான் ஓடிய வழியைப் பற்றி ஒரு பக்கம் நன்றாக எழுதித் தரும் மாணவர்க்கும் மாணவியர்க்கும் வழங்குக. முந்தியவன் மூவருள் ஒருவன், எழுதத்தக்கவர் நூற்றுவர். கடைசியாக வந்த பிள்ளை நின்று நிதானித்துப் பார்த்ததை எழுதி, தன் இல்லத்துக்கு வெற்றி ஈட்டும் நாளை யாம் காண விரும்புகின்றோம். தமிழாசிரியர்க்கு இதனினும் சிறந்த கட்டுரைப் பயிற்சி கிட்டாது.

1983 முதல் 2009 வரை நீண்ட போரிலே இவ்வழிகளுட் பல மூடுண்டு கிடந்தன. திறந்திருந்தவையும் சோதனைச் சாவடிகளால் துண்டுபட்டன. அந்நாளிற் பாடசாலையிற் பயின்றவர் இன்று தந்தையரும் தாயருமாய் உளர். பேருந்தின் யன்னல் வழியே கப்பல்துறை என்னும் பெயர்ப்பலகையைக் கண்டவர் பலர். அம்மண்ணிற் கால் வைத்தவர் சிலர். காலடி படாத வழியைப் புல் மூடும். பேசப்படாத வரலாற்றை மறதி மூடும். தம் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுதற்கு அவர்களுக்கே ஊர் தெரியாத நிலை மேலும் ஒரு தலைமுறைக்கு நீளுமாயின், பிறர் வந்து நம் ஊரைப் பற்றிக் கூறுவதையே நாம் நம்ப வேண்டியிருக்கும்.

ஆகவே விழாக் காணும் இவ்வேளையிற் பழைய மாணவரை யாம் வேண்டுவது பெரும் பொருளன்று. மேற்கூறிய வழிகளுள் ஒன்றைத் தெரிந்து, நடந்து அளந்து, மைலுக்கொரு கல் நாட்டுக. ஒவ்வொரு கல்லிலும் அவ்விடத்தின் பெயரும் ஒரு வரிச் செய்தியும் தமிழிலும் சிங்களத்திலும் பொறித்திடுக. உங்களுள் மருத்துவர் உளர், பொறியியலாளர் உளர், கமக்காரர் உளர், அரசாங்க உத்தியோகத்தர் உளர். இப்பணிக்கு இவரினும் வேறெவரும் வேண்டுவதில்லை. விழாவும் விருந்தும் ஒரு நாளில் முடியும். கல் நிற்கும், அதனைக் கடந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் ஓடுவர்.