அரிவாளுக்கு முன்பே தொடங்கிய வன்முறை

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள், அவருடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள். அந்த இரவைத்தான் நாடு குற்றமாகக் கண்டது. ஆனால் வன்முறை வகுப்பறையிலேயே தொடங்கிவிட்டது. சக மாணவர்களின் தொல்லை தாளாமல் அவர் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். நடந்ததைப் பள்ளியில் தெரிவித்த பிறகே தாக்குதல் நிகழ்ந்தது.

பள்ளிக்கு வர மறுக்கும் பிள்ளையை நிர்வாகம் வருகைப் பதிவேட்டில் ஒரு குறையாக மட்டுமே காண்கிறது. உண்மையில் அது அப்பிள்ளை அளிக்கும் முதல் வாக்குமூலம். தொடர்ந்து இழிவுபடுத்தப்படும் வளரிளம் பருவத்தினரிடம் உறக்கமின்மை, தலைவலி, வயிற்றுவலி, பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியன கூடுதலாகக் காணப்படுவதை மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. இப்பாதிப்பு பலருக்கு வளர்ந்த பின்னும் நீடிக்கிறது. சாதி சேரும்போது சுமை இரட்டிப்பாகிறது: பள்ளியில் இழிவுபடுத்தும் அதே அதிகாரம், பேருந்திலும் தெருவிலும் அப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறது. பள்ளியை மாற்றுவது தீர்வாகாது.

சட்டம் என்ன செய்கிறது? பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் வழக்கு, தீங்கு நேர்ந்த பின்னரே வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகளோ உயர்கல்வி நிறுவனங்களுக்கானவை. பள்ளிச் சிறாரை அவை எட்டுவதில்லை.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம், பள்ளி நல அலுவலர் நியமனம் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. இவற்றை நாம் வரவேற்கிறோம். எனினும் கயிற்றை அறுப்பது எளிது. அதைக் கட்டிவிட்ட ஊரையும் அமைப்புகளையும் கேள்வி கேட்பதே கடினம். தாக்கிய சிறுவர்களும் அவற்றின் வார்ப்புகளே. ஆகவே இளைஞர் நீதிச் சட்டம் வகுத்த சீர்திருத்த வழியை நாம் மறுக்கவில்லை.

நாம் முதன்மையாகக் கோருவது, புகார் அளித்த பிள்ளைக்கான பாதுகாப்பு. புகார் வந்த அன்றே எழுத்துப் பதிவு, பெயர் வெளியாகாத விசாரணை, பள்ளிக்கு வெளியிலும் காவல், மனநல ஆலோசனை ஆகியவை பள்ளியின் சட்டக் கடமையாக வேண்டும். வாய் திறந்த பிள்ளை அன்றிரவு அச்சமின்றி உறங்க முடியாவிட்டால், அடுத்த பிள்ளை வாய் திறக்காது.