முகப்பூச்சும் முகமலர்ச்சியும்



அடுக்களையில் இருக்கும் பொருள்களைக் கொண்டே மேனியைப் பேணும் முறைகளை இத்திங்கள் எழுத எண்ணியிருந்தோம். அதற்குள் திருப்பதியில் வாழும் தாயார் ஒருவரின் கடிதம் வந்து சேர்ந்தது. தம் மகளுக்கு வரன் பார்த்து வருகிறாராம். பெண் மாநிறம். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "பதினைந்தே நாளில் நிறம் வெளுத்துவிடும்" என்று கூறி ஒரு களிம்பு டப்பியைக் கொடுத்துச் சென்றிருக்கிறார். அதன்மேல் தயாரித்தவர் பெயரும் இல்லை. கலந்த பொருள்களின் பட்டியலும் இல்லை. "பெண் வேண்டாம் என்கிறாள், உறவினர் வற்புறுத்துகிறார், பூசலாமா?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மையார்.

நம் விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். பூச வேண்டாம். அப்பெண்ணின் சொல்லே சரியான சொல். ஏன் என்பதை விளக்குவது நம் கடமை.

நம் சருமத்திற்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். வெயிலின் கொடுமையிலிருந்து உடலைக் காக்க இயற்கை விரித்த குடை அது. சித்திரை, வைகாசியில் சித்தூர்ச் சாலையில் நடந்தவர்களுக்கு அக்குடையின் அருமை புரியும். விரைவில் வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதைப் பல நாடுகளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். ஆகையால் முதலில் முகம் வெளுத்தாற்போலத் தோன்றும். ஆனால் அது தோலின் வழியே உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். 2023-ஆம் ஆண்டில் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரக நோயுடன் வந்த சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் இத்தகைய வெளுப்புக் களிம்புகளைப் பூசி வந்ததைக் கண்டறிந்தனர். 2013-இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளை ஒழிக்க வேண்டும் என்கிறது. நம் நாடும் 2018-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பெயரில்லா டப்பிகளுக்கு உடன்படிக்கை தெரியுமா?

பாதரசம் இல்லாவிடில் ஸ்டீராய்டு இருக்கலாம். இம்மருந்து சில தோல் நோய்களுக்கு மருத்துவர் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. அதை நாள்தோறும் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பும். நிறுத்தினாலோ எரிச்சல் பொறுக்க முடியாது. 2018-இல் மத்திய அரசு இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது இதனால்தான்.

நிறத்தின்மேல் நமக்குள்ள மோகமும் இன்று நேற்று வந்ததன்று. 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. வெள்ளை நிறமே அழகு என்னும் கருத்து விளம்பரங்களின் வழியே வீட்டுக்கு வீடு பரவியது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2020-இல், அதன் உற்பத்தியாளரே வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கி 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிவிட்டார். விற்றவரே விட்டுவிட்ட சொல்லை வாங்கியவர் நாம் பிடித்துக்கொண்டிருப்பது முறையாகுமா?

அப்படியானால் முகத்திற்கு எதுவும் செய்ய வேண்டாமா என்று கேட்கலாம். செய்யலாம், செய்யவும் வேண்டும். நிறத்தை மாற்றுவது வேறு, உள்ள நிறத்தைத் துலக்கமாக வைத்துக்கொள்வது வேறு. பின்னதற்கு வழி சொல்ல நம் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவே போதும்.

ஆந்திரத்தார் இல்லங்களில் 'சுன்னிபிண்டி' என்று ஒரு மாவு உண்டு. நம் நலங்கு மாவின் உடன்பிறப்பு அது. பச்சைப்பயறு அரைக் கிலோ, கடலைப்பருப்பு 100 கிராம், பச்சரிசி 50 கிராம், கஸ்தூரி மஞ்சள் 25 கிராம், வெட்டிவேர் ஒரு பிடி, உலர்ந்த ரோஜா இதழ் ஒரு பிடி. இவற்றை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மெஷினில் நைஸாக அரைத்துச் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் அடைத்து வைக்கவும். குளிக்கும்போது இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரிலோ தயிரிலோ குழைத்து, மென்மையாகத் தேய்த்துக் கழுவினால் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் நீங்கும், தோல் வறண்டுபோகாது. பருவும் புண்ணும் உள்ள இடத்தில் அழுத்தித் தேய்க்கலாகாது. ஈரக் கையை டப்பாவுக்குள் விடவும் கூடாது.

இயற்கைப் பொருள் என்றாலே தீங்கற்றது என்று எண்ணுவதும் பிழை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெளியே செல்லும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும், பின்னர் பல வாரம் மறையாத கருந்திட்டும் உண்டாகக் கூடும். எலுமிச்சை ரசத்திற்கும் ஊறுகாய்க்கும் ஆகட்டும், முகத்திற்கு வேண்டாம். வெயிலுக்குக் குடையை எடுத்துச் செல்லுங்கள். எந்தக் களிம்பைக் காட்டிலும் அது மலிவு.

இனிக் கூந்தல். சித்தூர்ப் பக்கம் குடிவந்த நம் குடும்பங்கள் பலவும் சொல்லும் குறை, தலைமுடி பிசுபிசுத்துச் சிக்காகிறது என்பது. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் அண்டாவின் அடியில் வெள்ளைப் படிவு நின்றால் அது உப்புச் சத்து மிகுந்த கடின நீர் என்று அறியலாம். அந்நீரில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள சுண்ணச் சத்துடன் சேர்ந்து பசைபோல் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். நம் சீயக்காயிலும், ஆந்திரத்தார் 'குங்குடுகாய' என்று அழைக்கும் பூந்திக்கொட்டையிலும் உள்ள நுரைச்சத்து அவ்வாறு திரிவதில்லை. பத்துப் பூந்திக்கொட்டைகளைத் தட்டி, விதையை நீக்கி, இரவில் வெந்நீரில் ஊறவைக்கவும். காலையில் பிசைந்து வடிகட்டினால் ஒரு தலைக்குப் போதுமான நுரைநீர் கிடைக்கும். முன்னதாக நல்லெண்ணெய் தேய்த்து ஊறினால் முடி வறளாது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குழந்தைகளுக்குத் தேய்க்கும்போது கவனம் தேவை.

மருதாணியைப் பற்றி எழுதுகையில் நம் மனம் சற்றுக் கனக்கிறது. ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதத்தில் தெலுங்குப் பெண்கள் 'கோரிண்டாகு' பறித்து அரைத்து இட்டுக்கொள்வார்கள். நம் வீட்டுப் பெண்களையும் அன்போடு அழைப்பார்கள். அரைத்த இலை கையில் சில மணி நேரம் இருக்க வேண்டும். எடுத்தபோது ஆரஞ்சு நிறமாக இருப்பது மறுநாள் செம்பழுப்பாக முற்றும். உண்மை மருதாணியின் இயல்பு இதுவே. ஒருபோதும் அது கன்னங்கறுப்பாகப் பிடிக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணம் ஒன்றுக்காக, காத்திருக்கப் பொறுமையின்றி, கடைத்தெருவில் விற்ற கறுப்பு மருதாணிக் கூம்பை நாமே வாங்கி வந்து நம் தங்கையிடம் கொடுத்தோம். அரை மணியில் மை போலப் பிடித்தது, எல்லோரும் மெச்சினார்கள். மூன்றாம் நாள் அப்பூவேலை போன வழியெல்லாம் கொப்புளம் எழுந்தது. ஆறிய பின்னும் அதன் தழும்பு பல மாதம் நின்றது. விரைவில் கறுப்பதற்காக அதில் தலைச்சாயத்திற்கான பாரா பினைலின் டையமின் என்னும் இரசாயனத்தைக் கலந்திருக்கலாம் என்றும், இனி வாழ்நாளெல்லாம் தலைச்சாயம் பூசுவதும் அவளுக்கு ஆகாது என்றும் மருத்துவர் கூறினார். தங்கை நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே இன்றும் நம்மை உறுத்துகிறது. அவசரத்திற்கு வாங்கிய அழகுக்கு விலை கொடுத்தது அவள் கை. ஆகவே சகோதரிகளே, இலையை அரைத்தே இடுங்கள். தலைச்சாயம் பூசுவோர் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் முன்னதாக முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவிப் பாருங்கள்.

நெற்றிக்கு ஒரு சொல். ஒட்டுப்பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெண்மையோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். சிலவகைப் பசையிலுள்ள இரசாயனம் அவ்விடத்து நிறத்தையே அழித்துவிடும். குங்குமம் நல்லதா என்று அறிய எளிய சோதனை உண்டு. மஞ்சளுடன் சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேர்வதால் சிவப்பதே மரபான குங்குமம். ஒரு சிட்டிகையில் இரண்டு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் அது மீண்டும் மஞ்சளாக மாறும். மாறாமல் சிவந்தே நின்றால் சாயப்பொடி என்று ஐயுறலாம்.

ஆடவர்க்கும் அழகு உண்டு. சவரம் செய்தபின் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவினால் சிறு கீறலில் கசியும் இரத்தம் நிற்கும். ஒருவர் பயன்படுத்திய பிளேடை மற்றொருவர் தொடலாகாது. பருத்திச் சட்டையைச் சோறு வடித்த கஞ்சியில் முக்கி, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் உலர்த்தினால் விறைப்பும் நிற்கும், சாயமும் வெளுக்காது. பழைய சட்டையும் அலுவலகத்தில் தலைநிமிர்ந்து நிற்கும்.

அந்தத் தாயாருக்கு இன்னும் ஒன்று கூற விரும்புகிறோம். நம் அலுவல் ரயில் நிலையத்தில். திருமலையில் முடியிறக்கி, தலையில் சந்தனம் பூசித் திரும்பும் பெண்களை நாள்தோறும் காண்கிறோம். கிழவியரும் உண்டு, இளம்பெண்களும் உண்டு. நீளாதேவி தன் கூந்தலை அறுத்துப் பெருமாளுக்கு அளித்தாள் என்பது அத்தலத்தின் வரலாறு. பெண்ணுக்கு அழகென்று உலகம் கூறும் கூந்தலைக் கொடுத்துவிட்டு வரும் அவர்கள் முகத்தில் குறைபாடு எதையும் நாம் கண்டதில்லை. வேண்டுதல் நிறைவேறிய முகமலர்ச்சியையே காண்கிறோம். நம் கண்ணெதிரே இத்தகைய பாடம் நடக்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு, பெண்ணின் மாநிறத்துக்கு நாம் வருந்தலாமா?

ஆகவே அம்மா, அந்த டப்பியை மூடி வையுங்கள். முன்பே பூசியிருந்தால் நிறுத்திவிட்டு, டப்பியோடு மருத்துவரிடம் சென்று காட்டுங்கள். பெண் பார்க்க வரும் நாளில் மகள் சுன்னிபிண்டி தேய்த்துக் குளிக்கட்டும்; தனக்குப் பிடித்த புடவையை உடுத்தட்டும்; நல்ல குங்குமம் இட்டு, மல்லிகைப் பூச் சூடட்டும். இதற்குமேல் வெளுப்பு வேண்டும் என்று வருவோர் கேட்டால், அவர்களுக்குக் காப்பி கொடுத்து வழியனுப்பிவிடுங்கள். நல்ல வரன் வரும். வரும்வரை அவளுடைய சிறுநீரகமும் சிரிப்பும் பழுதின்றி இருக்கட்டும்.

அடுத்த திங்கள் கோடையில் குழந்தைகளின் வேர்க்குருவைப் பற்றி எழுதுவோம். வாசகர் தம் வீட்டில் கையாளும் முறைகளை எழுதி அனுப்பினால் மகிழ்வோம்.