கச்சத்தீவில் இரண்டு நாள்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914-இல் தொடங்கிய கப்பல், 1964 டிசம்பர்ப் புயலோடு நின்றது. பின்பு இராமேஸ்வரத்திலிருந்து ஓடியதும் எண்பதுகளில் ஓய்ந்தது. கடல்வழியே உறவைக் காண நம் கரையோரத்தாருக்கு எஞ்சியது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மட்டுமே. போராண்டுகளில் அதுவும் வாய்க்கவில்லை. அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்தும் தங்கை இராமேஸ்வரத்திலிருந்தும் படகேறி வந்து, கொடியேற்றத்துக்கும் மறுநாள் காலைத் திருப்பலிக்கும் இடையில் எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டும். (பேசியதைவிட அழுததே அதிகம் என்பார்கள்.)

2024-இல், படகோட்டிகள் சிறையிலடைக்கப்பட்டதைக் கண்டித்து நம் மீனவர்கள் விழாவைப் புறக்கணித்தனர். அச்சினம் நியாயமே. ஆயினும் அவ்வாண்டு அந்தத் தங்கை போகவில்லை. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட முடிந்தவர்கள், அதனினும் குறுகிய தலைமன்னார் வழியை ஏன் இன்னும் திறக்கவில்லை என்றே கேட்கிறோம்.