திரைப்பெண்ணும் காணி உறுதியும்

தமிழ்த் திரைப்படங்களில் பெண் சித்திரிக்கப்படும் விதம் மாறியுள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. கணவன் எத்தகையவனாயினும் அவன் காலடியே கதியென்று கிடந்த நாயகிகளுக்காகக் கண்ணீர் வடித்த இரசிகர்கள், 1984 ஆம் ஆண்டு வெளிவந்த பாரதிராஜாவின் 'புதுமைப்பெண்' படத்தில், தன்மீது ஐயங்கொண்ட கணவனை விட்டு வெளியேறும் மனைவியைக் கண்டனர். அதற்கு முந்திய வருடமே, மனைவியைக் கொடுமைப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. சட்டத்தைப் பார்த்துப் படம் எடுக்கப்பட்டதாக நாம் கூறவரவில்லை. வீதியில் இறங்கிப் போராடிய பெண்களின் குரல் பாராளுமன்றத்தையும் எட்டியது, படப்பிடிப்புத் தளத்தையும் எட்டியது என்பதே பொருத்தமாகும்.

ஆயினும் இம்மாற்றம் நேர்கோட்டில் நிகழவில்லை. 1989 இல் வெளியான 'புதிய பாதை'யில், வல்லுறவுக்குள்ளான பெண் அக்குற்றத்தைப் புரிந்தவனையே மணந்து திருத்துகிறாள். நீதிமன்றம் ஏறவேண்டிய வழக்குத் தாலியில் முடிந்தது. அதனையும் இரசிகர்கள் கைதட்டி வரவேற்றனர்.

2021 இல் மலையாளத்தில் வெளிவந்து, 2023 இல் தமிழிலும் எடுக்கப்பட்ட 'த கிரேட் இந்தியன் கிச்சன்' இவற்றிலிருந்து வேறுபட்டது. அடுப்பும் எச்சில் பாத்திரங்களுமே அதில் வில்லன்கள். இறுதியில் மனைவி கணவனின் வீட்டை விட்டு வெளியேறுகிறாள்.

இங்குதான் எமது நிலைமையை எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது. யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்களில் வீடு கணவனுடையதன்று. சீதனமாக மனைவியின் பெயரில் எழுதப்பட்டது. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், அவ்வீட்டுக்குள் அடிப்பவன் நுழையாதவாறு நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறவும் வழிசெய்தது. ஆனால் அதே வீட்டை அவள் விற்கவோ ஈடுவைக்கவோ முற்பட்டால், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச்சட்டம் குறுக்கே வந்தது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது அதன் விதி. பொதுச்சட்டத்தின் கீழ் வரும் பெண்களுக்கு 1923 இலேயே நீங்கிய இத்தகைய தடை, தேசவழமைக்குட்பட்ட எமது பெண்களுக்கு நூறாண்டு கடந்தும் நீடித்தது. உறுதியில் பெயர் அவளுடையது, ஒப்பமோ அவனுடையது!

எமது தேசவழமையே பெண்ணுக்குச் சொத்தளித்த வழமை என்று பெருமை பேசுவோர் இந்த விதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. திரையுலகும் அவ்வாறே. கணவனின் கன்னத்தில் அறையும் நாயகியைக் காட்டுவது எளிது. நொத்தாரிசின் மேசையில் தன் காணிக்காகக் கணவனின் ஒப்பத்தை வேண்டி நிற்கும் பெண்ணைக் காட்டிய படமொன்று எமது நினைவுக்கு வரவில்லை.

போர் இதனை மேலும் கொடிதாக்கியது. கணவன் காணாமலாக்கப்பட்ட பெண், அவன் இறந்துவிட்டதாக ஒப்பாத வரையில் சட்டத்தின் முன் மணமானவளே. பிள்ளையின் படிப்புக்காகக் காணியை விற்க நேர்ந்தால், சம்மதம் தருவதற்குக் கணவன் இல்லை. அச்சம்மதத்துக்கு ஈடாக மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையை அவள் பெறவேண்டும். அதற்குச் சட்டத்தரணியின் கட்டணமும் தவணைகளும் உண்டு. எங்கே இருக்கிறான் என்று அவளே பல்லாண்டுகளாகத் தேடிவரும் கணவன் ஏன் ஒப்பமிட வரவில்லை என்பதற்கு விளக்கமளிக்க வேண்டியவளும் அவளேயாகிறாள்.