தங்கம் போனால் போகட்டும், பெண் படிக்கட்டும்!

நான் 37 வயது இல்லத்தரசி. பத்தாவது வரை படித்தவள். போன ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் கேட்ட ஒரு பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது.

தக்காளி வாங்க நின்ற இடத்தில், தெரிந்த அம்மா ஒருவர் அலுத்துக் கொண்டார். "முன்னே எல்லாம் பொண்ணு கல்யாணத்துக்கு கவர்மெண்ட்ல தங்கம் குடுத்தாங்க. அதையும் நிறுத்திட்டாங்க. காலேஜுக்குப் போனாத்தான் மாசம் ஆயிரமாம். அது யாருக்கு வேணும்?" கூட நின்ற நாலு பேரும் ஆமாம் போட்டார்கள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

அவர் சொன்னது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை. பத்தாவது படித்த பெண்ணுக்கு 25 ஆயிரம், டிகிரியோ டிப்ளமோவோ முடித்தவளுக்கு 50 ஆயிரம் ரூபாய். 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016இல் அது 8 கிராம் ஆனது. 2022இல் அதையே மாற்றி, அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பெண் டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. என்று மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அதுதான் புதுமைப் பெண் திட்டம்.

என் நாத்தனாருக்கு 2013இல் அந்த 4 கிராம் கிடைத்தது. இன்று அது அடகுக் கடையில் இருக்கிறது. படித்த படிப்பை எந்தக் கடையில் அடகு வைக்க முடியும், சொல்லுங்கள்?

எங்கள் பக்கம் வேலைக்குப் பஞ்சமில்லை. போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலையை முழுக்க பெண்களே நடத்துவார்கள், 10 ஆயிரம் பேர் வரை எடுப்போம் என்று 2021இல் அறிவித்தார்கள். ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு 2022இல் ஜார்க்கண்டிலிருந்து நூற்றுக்கணக்கான பழங்குடிப் பெண்கள் ரயிலேறி வந்தார்கள். பாஷை தெரியாத ஊருக்கு அந்தத் தாய்மார்கள் பெண்களை அனுப்பி வைத்தார்கள். நாமோ பர்கூருக்கு பஸ் ஏற்றிவிட ஆயிரம் யோசனை பண்ணுகிறோம்.

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மார்க். ரிசல்ட் வந்த மாசமே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். அந்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டுக்கு ஓடு போய் தளம் வந்தது. ஆனால் ஒருநாள் அவளே சொன்னாள்: "மெஷின் நின்னுட்டா நாங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும் பெரியம்மா. சரி பண்ண வர்றவங்க டிப்ளமோ படிச்ச பசங்க. என் வயசுதான் இருக்கும். எனக்கும் அது புரியுது, ஆனா தொடக் கூடாது."

அதைக் கேட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004ஆம் வருஷம் நான் பத்தாவது. கணக்கில் 91 மார்க். பாலிடெக்னிக் சேரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "அது பசங்க படிக்கிற எடம்" என்றார். அதோடு முடிந்தது. அம்மா ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைப்பேன். அப்பாவை விட அம்மா மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

பெண் கம்ப்யூட்டர், மெஷின் என்று படிப்பதற்கு முதல் தடை வீட்டு ஆண்கள் என்று சொல்லிவிடுகிறோம். பாதி தடை நாம்தான். "மூணு வருஷம் படிச்சா வயசு ஏறிடும், அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளை தேடணும்" என்று முதலில் பேசுவது யார்?

பத்தாவது முடித்தாலே மூன்று வருட டிப்ளமோவில் சேரலாம். அதை முடித்தவள் பி.இ. படிக்க நினைத்தால் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994இலிருந்து இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021இல் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி, கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்றது. டிப்ளமோ, பி.இ. சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. தரும் 'பிரகதி' உதவித்தொகை, தேர்வானால் வருஷம் 50 ஆயிரம். இவ்வளவும் எனக்கே போன வருஷம்தான் தெரியும். பள்ளிக்கூட டீச்சர் சொல்லித்தான்.

2023இல் சூரியனை ஆராய ஆதித்யா-எல்1 விண்கலம் போனதே, அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டை விவசாயி வீட்டுப் பெண். உள்ளூர்ப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போனவர். நம் பர்கூர் கல்லூரி மாதிரி ஒன்றுதான் அதுவும்.

என் மகள் இந்த வருஷம் பத்தாவது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வேண்டும் என்கிறாள். வீட்டுக்காரர் முதலில் முகத்தைத் திருப்பிக் கொண்டார். இரண்டு வாரம் விடாமல் பேசினேன், சரி என்றுவிட்டார். சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறது, வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. மாமியாரிடம்தான் இன்னும் சொல்லவில்லை. ரிசல்ட் வரட்டும் என்று இருக்கிறேன்.

- ஒரு வாசகி, மத்தூர்.