இன்ஜினை மாற்றப் போகிறீர்களா, வண்டியையே மாற்றப் போகிறீர்களா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன் ஒன்றை வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்கள்.

படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு வட்ட விளக்கு, நடுவில் பெரிய முத்திரை, தூக்கி நிறுத்தும் கூரை, உள்ளே படுக்கை, அடுப்பு, சின்ன அலமாரி. ஜெர்மனியில் செல்லமாக 'புல்லி', பிரேசிலில் 'கோம்பி'. 1950 மார்ச்சில் தயாரிப்பு தொடங்கியபோது அதன் பின்பக்கத்தில் இருந்தது 1131 சிசி இன்ஜின், 25 குதிரைத்திறன். இன்றைய சின்ன பைக்குகள் சிலவற்றில் அதே அளவு திறன் இருக்கிறது! 1951-லிருந்து வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் இதற்குப் படுக்கை, அலமாரி செய்து கொடுக்க, வேன் வீடாகிவிட்டது. நான் இங்கே முக்கியமாகப் பேசப் போவது இரண்டாம் தலைமுறையைப் பற்றி. 1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் வந்த, ஒற்றைக் கண்ணாடி முகப்பு கொண்ட டி2.

இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சந்திக்கும் நிலைமை ஒன்றுதான். அடியில் துரு, பின்னால் செத்துப்போன இன்ஜின். துருவுக்கு வெல்டிங் என்று உடனே முடிவாகிவிடும். இன்ஜினுக்கு என்ன செய்வது என்பதில்தான் சண்டை ஆரம்பம். ஒரு கட்சி, "பழைய ஏர்கூல்டு இன்ஜினையே பிரித்துச் சரிசெய், வேறு எதை வைத்தாலும் பாவம்" என்கிறது. இன்னொரு கட்சி, "இந்தக் காலத்தில் 50 குதிரைத்திறனோடு மலை ஏறுவாயா? சுபாரு இன்ஜினைத் தூக்கிப் போடு" என்கிறது. இரண்டு கட்சியுமே தப்பான கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்பது என் கருத்து.

முதலில் தூய்மைவாதிகள். ஃபேக்டரி இன்ஜின்தான் புனிதம் என்றால், எந்த ஃபேக்டரி இன்ஜின்? 1970-ல் டி2-வில் இருந்தது 1600 சிசி, 50 குதிரைத்திறன். 1971 ஆகஸ்டில் 1.7 லிட்டரில் முற்றிலும் வேறு வடிவமைப்பு ஒன்றை (டைப் 4) அந்த நிறுவனமே கொண்டுவந்து வைத்தது. அது பிறகு 1.8 ஆனது, 2 லிட்டர் ஆனது, 70 குதிரைத்திறன் வரை போனது. அடுத்த தலைமுறை டி3, 1979-ல் ஏர்கூல்டாக வந்து 1982-ல் வாட்டர்கூல்டாக மாறியது. தென்னாப்பிரிக்காவில் அதே டி3-யில் ஆடியின் ஐந்து சிலிண்டர் இன்ஜினை வைத்து 2002 வரை தயாரித்தார்கள். பிரேசிலிலோ, டி2 உடம்பிலேயே 2005 கடைசியில் 1.4 லிட்டர் வாட்டர்கூல்டு இன்ஜினை வைத்து 2013 வரை ஓட்டினார்கள். ஆக, இன்ஜின் மாற்றம் என்பதை ஆரம்பித்து வைத்ததே ஃபேக்டரிதான். புனிதம் பேசுவதில் பலன் இல்லை.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் வைக்கலாமா? இங்கேதான் இரண்டாவது கட்சி சறுக்குகிறது. ஃபேக்டரி இன்ஜினை மாற்றியபோது கூடவே என்னென்ன மாற்றியது என்று பாருங்கள். 50 குதிரைத்திறன் இன்ஜின் வந்த அதே 1970 ஆகஸ்டில்தான் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. டைப் 4 வந்தபோது இன்ஜின் அறையின் வடிவமே மாறியது. பிரேசில் கோம்பிக்குத் தண்ணீர் வந்ததும் மூக்கில் ரேடியேட்டர் முளைத்தது. 2020-ல் ஃபோக்ஸ்வேகனே ஒரு 1966 வேனை மின்சார வண்டியாக்கிக் காட்டியது. 61 கிலோவாட் மோட்டார், 45 கிலோவாட் மணி பேட்டரி, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். பழைய இன்ஜினின் திறன் 32 கிலோவாட். அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்கியதற்காக முன் ஆக்சில், பின் ஆக்சில், ஸ்டியரிங், நான்கு பிரேக் என எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார்கள்.

தயாரித்தவனே இவ்வளவு செய்கிறான். கொல்லைப்புறத்தில் வெறும் இன்ஜினை மட்டும் மாற்றுகிறவர் எதை நம்பி அதிலே குடும்பத்தை ஏற்றுகிறார்?

டி2-வில் இன்ஜினைக் கியர்பாக்ஸோடு பிடித்து வைத்திருப்பது நான்கே போல்ட். கழற்றுவது அவ்வளவு சுலபம் என்பதாலேயே மாற்றுவதும் சுலபம் என்று தோன்றிவிடுகிறது. சுபாரு ஈஜே22-வை எடுத்துக்கொள்ளுங்கள். 2.2 லிட்டர், சுமார் 135 குதிரைத்திறன், இதுவும் படுத்த வாக்கிலான நான்கு சிலிண்டர். நல்ல இன்ஜின்தான். 1990-களின் தொடக்கத்தில் வந்தவற்றில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. ஆனால் அதை டி2-வில் வைக்க அடாப்டர் பிளேட் வேண்டும். ரேடியேட்டரை மூக்கிலோ அடியிலோ பொருத்த வேண்டும். அங்கிருந்து பின்னால் வரை தண்ணீர்க் குழாய் ஓட வேண்டும். ஆயில் சம்ப் தரையில் இடிக்காமல் இருக்க அதை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். சுபாருவின் வயரிங்கைப் பிரித்து வேண்டியதை மட்டும் எடுத்துக் கோர்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு, 50 குதிரைத்திறனுக்காகப் பல் வெட்டப்பட்ட கியர்பாக்ஸ் 135-ஐ எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி வரும். அதற்கும் பிறகுதான் பிரேக்.

ஆகவே நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, "எந்த இன்ஜின் வைக்கலாம்?" என்பது இல்லை. "பழையது ஏன் செத்தது?" என்பதுதான்.

ஏர்கூல்டு இன்ஜின் பெரும்பாலும் சூட்டில் சாகிறது. ஒரு விசிறி காற்றை இழுத்து, தகரக் கூண்டு வழியாகச் சிலிண்டர்களின் மேல் அடிக்கிறது. சுற்றியுள்ள தகரங்களும், ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டையும் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றையும் கீழே இருக்கும் சூடான காற்றையும் பிரித்து வைக்கின்றன. ஐம்பது வருடத்தில் அந்த ரப்பர் பொடிப்பொடியாகியிருக்கும். நடுவில் யாரோ ஒரு மெக்கானிக் "இது எதுக்கு" என்று இரண்டு தகரத்தைக் கழற்றிப் போட்டிருப்பார். தெர்மோஸ்டாட் காணாமல் போயிருக்கும். விளைவு, விசிறி சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். 1600 இன்ஜினில் 1970 வரை ஆயில் கூலர் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் பாதையிலேயே உட்கார்ந்திருந்தது. அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடியதற்கு அதுதான் காரணம். பிறகு கூலரைத் தனிக் கூண்டுக்கு நகர்த்தினார்கள். இதற்கு மேல், 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வ் இடைவெளியைச் சரிபார்த்து, இரண்டரை லிட்டர் ஆயிலை மாற்றியாக வேண்டும். ஃபில்டர்கூடக் கிடையாது, வெறும் வலைதான். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு இன்ஜினைத் திட்டுவது, தண்ணீர் ஊற்றாமல் செடியைத் திட்டுவது மாதிரி.

சாவுக்குக் காரணம் தெரியாமல் வைக்கிற புது இன்ஜினும் அதே அறையில், அதே காரணத்தால், அதே மாதிரி சாகும். கையில் இருக்கும் பணம் கரைந்த பிறகு மூன்றாவது வாய்ப்பு கிடையாது. பாதியில் நின்று, திறந்த வாயோடு கொட்டகையில் கிடக்கும் வேன்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் ஒன்று உண்டு. 1600-இன் கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவை. தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கஷ்டம். இந்த வண்டிகள் எரிவதற்கு ஒரு முக்கியக் காரணம் வெடித்துப்போன பழைய பெட்ரோல் டியூப். புது இன்ஜினுக்குச் சேமிக்கிறவர்கள், அதோடு ஒப்பிட்டால் அற்பக் காசில் முடிகிற இந்த டியூப்களை முதலில் மாற்றட்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. ஜெர்மனியில் 30 வயதான வண்டிக்கு 'எச்' எண் பலகை கிடைக்கும். வருட வரி 191.73 யூரோ மட்டுமே, நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளும் போகலாம். ஆனால் அந்தக் காலத்துக்குப் பொருந்தும் மாற்றங்களுக்குத்தான் அதில் இடம். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைப் பரிசோதனை இல்லை. 1976-இல் இருந்து உண்டு. அந்த வண்டிகளில் வைக்கும் வேறு இன்ஜின், வண்டியின் மாடல் ஆண்டுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது, அதற்குரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் கூடவே இருக்க வேண்டும். வெல்டிங் எல்லாம் முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் அழுவதைத் தவிர வழியில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தில் ஒன்று மட்டும் எனக்குக் குத்துகிறது. சாமான் ஏற்றினால் இரண்டு டன்னைத் தாண்டும் வேன், மலைச்சாலையில் மூன்றாம் கியரில் ஊர்ந்து போகும்போது பின்னால் லாரி வந்தால் அதுவும் ஆபத்துதானே? ஆமாம், ஆபத்துதான். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. 2 லிட்டர் டைப் 4-ஓடு பிறந்த வண்டி என்றால் அதையே நன்றாகக் கட்டிக்கொள்ளலாம், ஓரளவு தேறும். இல்லையென்றால் பாதையையும் நேரத்தையும் வண்டிக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேகம்தான் முக்கியம் என்றால் அவர் தேடுவது டி2 இல்லை, வேறு வண்டி.

டி3 விஷயத்தில் நானே சுபாரு கட்சிக்குத் தாவிவிடுவேன். ஏனென்றால் அங்கே ரேடியேட்டரும் குழாயும் ஏற்கெனவே ஃபேக்டரியிலிருந்தே இருக்கின்றன, முன் டிஸ்க் பிரேக்கும் இருக்கிறது. தவறான கூலன்ட் ஊற்றி ஹெட் அரித்துப்போன பழைய இன்ஜினைத் திரும்பக் கட்டுவதைவிட அங்கே ஈஜே22 நியாயமான வழி. கியர்பாக்ஸ் கவலை அங்கேயும் உண்டு, ஆனால் வண்டியை வெட்ட வேண்டியது குறைவு.

என் முடிவு இதுதான். டி2 வைத்திருப்பவர் பழைய இன்ஜின் செத்த காரணத்தைக் கண்டுபிடித்து, தகரம், ரப்பர், பெட்ரோல் டியூப், பிரேக் நான்கையும் சரிசெய்துவிட்டு, அதே வகை இன்ஜினை நல்ல கையில் கொடுத்துக் கட்டிக்கொள்வது உத்தமம். வேறு வைத்தே தீருவேன் என்றால், நாளை திரும்பப் பழையதை மாட்ட முடிகிற மாதிரி, உடம்பை வெட்டாமல் வையுங்கள். அந்த உடம்பு உங்களுக்கு அப்புறமும் ஓட வேண்டியது. அடுத்து வாங்குகிறவரும் நம்மைப் போல ஒரு பைத்தியமாகத்தான் இருப்பார், அவருக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்போமே!