மேயரை யார் தேர்ந்தெடுப்பது?

சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது என்று பெருமை பேசுவதில் நமக்குச் சலிப்பு ஏற்படுவதே இல்லை. 1688இல் தோன்றியது, இருக்கட்டும். ஆனால் அம்மாநகரின் மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்ற எளிய கேள்விக்கு நிலையான விடை ஒன்றை நாம் இன்னும் கண்டபாடில்லை!

முன்பெல்லாம் மாமன்ற உறுப்பினர்களே ஆண்டுக்கொரு மேயரைத் தேர்ந்தெடுத்து வந்தனர். 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. பிறகு 1996 வரை தனி அலுவலர்களின் ஆட்சிதான். ஒரு தலைமுறையே வார்டு உறுப்பினரை அறியாமல் வளர்ந்தது. 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாக மேயருக்கு வாக்களித்தனர். 2006இல் அவ்வுரிமை உறுப்பினர்களிடம் போயிற்று. 2011இல் மீண்டும் மக்களிடம் வந்தது. 2016இல் உறுப்பினர்களுக்கே என்று சட்டம் திருத்தப்பட்டது, தேர்தல்தான் நடைபெறவில்லை. 2018இல் மறுபடியும் மக்களுக்கு என்றார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்று அதையும் மாற்றியது. சடுகுடு ஆடும்போது ஆட்டத்துக்கு ஆட்டம் நடுக்கோட்டைத் தள்ளிப் போட்டால் ஆடுகிறவர்கள் ஒப்புவார்களா?

நேரடித் தேர்தல் வேண்டும் என்பாரிடமும் நியாயம் உண்டு. யார் மேயராகப் போகிறார் என்று அறிந்து மக்கள் வாக்களிக்கிறார்கள். மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றானால் வேலை நடக்காது என்பாரின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. என் மனம் நேரடித் தேர்தலின் பக்கமே சாய்கிறது.

ஆயினும், எந்த வழியில் வந்தாலும் மேயரின் கையில் இருப்பது என்ன? 200 வார்டு உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றலாம். அதைச் செயற்படுத்துபவர் ஆணையர். அவரை அமர்த்துவதும் மாற்றுவதும் மாநில அரசு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் பொறுப்பு 1978இல் அமைந்த குடிநீர் வாரியத்தினுடையது. நகரத் திட்டமிடலோ பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் வேலை. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென்று 18 பணிகளைப் பட்டியலிட்டது உண்மையே. ஆனால் அவற்றை ஒப்படைப்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அங்கியும் சங்கிலியும் மட்டும் அட்டியின்றிக் கிடைக்கின்றன.

எனவே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். மேயர் தேர்தல் முறையை எந்த அரசும் மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் அம்மாற்றம் வரப்போகும் தேர்தலுக்குச் செல்லாது, அதற்கு அடுத்த தேர்தலுக்கே செல்லும் என்று விதி செய்ய வேண்டும். தமக்கு ஆதாயம் கிட்டுமா என்று தெரியாத நிலையில் மாற்றுகிறவர்கள் சற்று நிதானித்துத்தானே மாற்றுவார்கள்?

காலந்தவறாமையும் வேண்டும். ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. 2016 அக்டோபரில் முடிந்த மாமன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. 2016 இறுதியில் பதினெட்டு வயது நிறைந்த ஒரு சென்னை மாணவரை எண்ணிப் பாருங்கள். 2019இல் நாடாளுமன்றத்துக்கும், 2021இல் சட்டமன்றத்துக்கும் அவர் வாக்களித்துவிட்டார். தம் தெருக் குப்பையைப் பற்றிக் கேட்பதற்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தபோது, அவர் கல்லூரியை விட்டே போயிருப்பார்.